‘அடுத்த பக்கம்’ அழுத்தினால் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? தேடல் முடிவுகளைப் பக்கம் பிரிப்பதில் வரும் கோளாறுகள்

கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் ஒரு நானாவுக்கு இணையத்தளம் ஒன்று செய்து கொடுத்தேன். கடையில் உள்ள சாமான்களை வண்டி மாதிரி, பாகத்தின் பெயர், விலை என்று தேடிப் பார்க்கும் எளிய தளம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 இல் மறுபடி திறக்கும்வரை, கையில் இருக்கும் பழைய வண்டியை எப்படியாவது ஓட வைத்தாக வேண்டிய நிலை பலருக்கு. ஓட்டோக்காரர் ஒருவர் ஒரு ஹயர் முடிந்து அடுத்த ஹயர் வருவதற்குள் ஃபோனில் கிளச் கேபிள் தேடுகிறார். அவருடைய ஃபோனில் அந்தப் பக்கம் வராவிட்டால், சாமான் கடையில் இருந்தும் அவருக்கு இல்லாததுதான்.

“தம்பி, முன்னுக்கு நல்லா வேலை செய்யுது. பின்னுக்குப் போகப் போக சுத்திக்கிட்டே இருக்குது” என்று நானா ஒரு நாள் சொன்னார். அந்த ஒரு வரியில் பாதி நோய் தெரிந்துவிட்டது. ‘தளம் மெதுவாக இருக்கிறது’ என்பது பல கோளாறுகளுக்குப் பொதுவான பெயர். எந்தப் பக்கத்தில் மெதுவாகிறது, எந்தத் தேடலில், எந்த நேரத்தில் என்று பிரித்துக் கேட்டால்தான் காரணம் பிடிபடும். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் தளத்தில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம்.

அதற்கு முன் இரண்டு ஆயத்தங்கள். ஒன்று, மெதுவான குவெரிகளின், அதாவது தளம் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விகளின், பதிவேட்டை இயக்குங்கள். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அது இயல்பாக அணைந்திருக்கும். இயக்கினாலும் 10 செக்கனைத் தாண்டும் குவெரியை மட்டுமே எழுதும். அரை செக்கனுக்கு இறக்கிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்திலும் இதற்கு ஈடான அமைப்பு உண்டு. இரண்டாவது, உண்மையான அளவு தரவை வைத்துப் பாருங்கள். உங்கள் மடிக்கணினியில் 200 பதிவுகளை வைத்துப் பரிசோதித்தால் எல்லாக் குவெரியும் கண்சிமிட்டும் நேரத்தில் முடியும், ஒரு கோளாறும் வெளியே வராது.

அறிகுறி: முதல் பக்கங்கள் வேகம், உள்ளே போகப் போக மெதுவு

இதுதான் நானா சொன்னது, அதிகம் பார்ப்பதும் இதைத்தான். குவெரியைத் திறந்து பாருங்கள். கடைசியில் ‘லிமிட் 20 ஓஃப்செட் 99980’ என்பது போல இருக்கும்.

மூன்று இலட்சம் பதிவுகள், பக்கத்துக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். 5,000 ஆம் பக்கத்தைக் கேட்டால் தரவுத்தளம் 99,980 பதிவுகளைத் தாண்டி அடுத்த 20 ஐத் தர வேண்டும். ‘தாண்டி’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நேராக அந்த இடத்துக்குப் பாய அதற்கு வழி இல்லை. முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாக வாசித்து, எண்ணி, ஒதுக்கிவிட்டு வருகிறது. ஏறக்குறைய ஒரு இலட்சம் பதிவுகளை வாசித்து 20 ஐக் கொடுக்கிறது. அடுத்த பக்கத்துக்கு மறுபடி முதலிலிருந்தே தொடங்குகிறது. இன்டெக்ஸ், அதாவது முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்த சுட்டி, இருந்தாலும் இதே கதைதான்: வரிசைப்படுத்தும் வேலை மிச்சமாகும், எண்ணும் வேலை மிச்சமாகாது.

உறுதிசெய்வது சுலபம். அதே குவெரியை ஓஃப்செட் 0, 10,000, 1,00,000 என்று மூன்று முறை, குவெரி எப்படி ஓடியது என்று காட்டும் ‘எக்ஸ்பிளெயின் அனலைஸ்’ போட்டு ஓட்டுங்கள். போஸ்ட்கிரெஸில் நெடுநாளாக உள்ள வசதி, மைஎஸ்கியூஎல்லில் 8.0.18 முதல் உண்டு. ஓஃப்செட் கூடக் கூட வாசிக்கப்படும் பதிவுகளின் எண்ணிக்கையும் சேர்ந்து கூடினால், இதுதான் நோய்.

மருந்து: பக்க எண்ணைச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டு, விட்ட இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். பழைய கடைகளில் கணக்குக் கொப்பியைப் பாதியில் மூடும்போது நடுவே ஒரு துண்டுக் கடதாசியை வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் முதல் பக்கத்திலிருந்து எண்ணுவதில்லை, கடதாசி இருக்கும் இடத்தைத் திறக்கிறார்கள். கீசெட் முறை என்பது அந்தக் கடதாசித் துண்டுதான்.

விலை ஏறுவரிசையில் காட்டுகிறோம், பக்கத்தின் கடைசிச் சாமானின் விலை 4500 ரூபாய், அதன் எண் 81277 என்று கொள்ளுங்கள். அடுத்த பக்கத்துக்கான குவெரி இப்படி அமையும் (‘வேர்’ என்பது நிபந்தனை, ‘ஓர்டர் பை’ என்பது வரிசை, ‘லிமிட்’ என்பது எத்தனை என்ற எல்லை):

வேர் (விலை, எண்) > (4500, 81277) ஓர்டர் பை விலை, எண் லிமிட் 20

விலை, எண் என்ற இரண்டு புலங்களுக்கும் அதே வரிசையில் ஓர் இன்டெக்ஸ் இருந்தால், தரவுத்தளம் அந்த இடத்துக்கு நேராக இறங்கி 20 பதிவுகளை எடுத்துக்கொண்டு நின்றுவிடும். இரண்டாம் பக்கமானாலும் 5,000 ஆம் பக்கமானாலும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். இந்த மாற்றத்தை முதன்முதலாகச் செய்து பார்த்த அன்று, கடைசிப் பக்கம் முதல் பக்கத்தின் வேகத்தில் வந்து நின்றது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எண்ணை ஏன் சேர்த்தோம் என்பது முக்கியம். 4500 ரூபாய்க்கு நாற்பது சாமான்கள் இருக்கலாம். ‘விலை > 4500’ என்று மட்டும் கேட்டால் அந்த நாற்பதில் இந்தப் பக்கத்தில் இடம் கிடைக்காதவை எல்லாம் காணாமல் போகும். ‘விலை >= 4500’ என்று கேட்டால் காட்டியதே மறுபடி வரும். ஒன்றுபோல இன்னொன்று இல்லாத எண் கடைசியில் நின்றால்தான் கடதாசித் துண்டு சரியான இடத்தில் இருக்கும்.

மைஎஸ்கியூஎல் பாவிப்பவர்கள் கவனிக்க: அடைப்புக்குள் இரண்டு புலங்களைச் சேர்த்து ஒப்பிடும் எழுத்து அங்கும் செல்லும், விடையும் சரியாக வரும். ஆனால் இன்டெக்ஸைப் பயன்படுத்தி நேராக இறங்குவதை அது பல நேரங்களில் செய்வதில்லை. விரித்து எழுதுங்கள்:

வேர் விலை >= 4500 அன்ட் (விலை > 4500 ஓர் எண் > 81277)

முன்னால் உள்ள ‘விலை >= 4500’ தேவையில்லாதது போலத் தெரியும். இன்டெக்ஸில் எங்கே தொடங்குவது என்று சொல்வதே அதுதான், எடுத்துவிடாதீர்கள். விலை ஏறுவரிசை, திகதி இறங்குவரிசை என்று திசை கலந்து வந்தாலும் இப்படி விரித்துத்தான் எழுத வேண்டும், எந்தத் தரவுத்தளமானாலும். அப்போது இன்டெக்ஸும் அதே திசைக் கலப்பில் இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 8.0 க்கு முந்திய பதிப்புகளில் இறங்குவரிசை இன்டெக்ஸ் என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளும், ஆனால் உள்ளே ஏறுவரிசையாகவே கட்டும்.

வடிகட்டல் இருந்தால் அந்தப் புலம் இன்டெக்ஸில் முதலில் வர வேண்டும். ‘ஆல்டோவுக்கான சாமான்கள், விலை வாரியாக’ என்ற தேடலுக்கு மாதிரி, விலை, எண் என்ற ஒழுங்கு. சமன் பார்க்கும் புலம் முன்னே, வரிசைப்படுத்தும் புலம் பின்னே. இதைத் தலைகீழாக்கினால் இன்டெக்ஸ் இருந்தும் பயன் குறைவு.

‘முந்திய பக்கம்’ எப்படி? பக்கத்தின் முதல் சாமானைப் பிடித்துக்கொண்டு, ஒப்பீட்டையும் வரிசையையும் திருப்பிப் போட்டு 20 எடுங்கள். வந்த பட்டியலை நிரலுக்குள் தலைகீழாக்கிக் காட்டுங்கள். திருப்ப மறந்தால் பக்கம் கீழிருந்து மேலாகத் தெரியும்.

இந்த முறையில் ஒரு இழப்பு உண்டு. ‘37 ஆம் பக்கத்துக்குப் போ’ என்று தாவ முடியாது. நானாவுடன் இருந்து இதைப் பேசினோம். 37 ஆம் பக்கத்தை யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை, அதற்குள் சாமான் இருக்குமோ என்றுதான் தேடுகிறார்கள் என்று இருவருக்கும் பட்டது. பக்க எண்களை எடுத்துவிட்டு மாதிரி, ஆண்டு, விலை எல்லை என்று வடிகட்டிகளை வைத்தோம். முடிவில்லாமல் உருளும் பட்டியலைவிட ‘மேலும் காட்டு’ என்ற பொத்தான் நல்லது என்பது என் எண்ணம். சாமானைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பி வருபவர் விட்ட இடத்திலேயே நிற்க வேண்டும், உருளும் பட்டியலில் அந்த இடம் எளிதில் தொலைந்துவிடும்.

பக்க எண் கட்டாயம் வேண்டும் என்று வாடிக்கையாளர் நிற்கிறாரா? சரி, அதற்கும் ஒரு நடுவழி உண்டு. முதலில் இன்டெக்ஸில் இருந்து 20 எண்களை மட்டும் ஓஃப்செட் போட்டு எடுங்கள். பிறகு அந்த 20 எண்களுக்கு மட்டும் முழுப் பதிவைச் சேர்த்து வாசியுங்கள். எண்ணும் வேலை அப்படியே இருக்கும், ஆனால் ஒதுக்கப்படும் ஒவ்வொரு பதிவின் விவரணத்தையும் சுமந்து வரும் வேலை இல்லாமற் போகும். அகலமான அட்டவணைகளில் இது நல்ல வித்தியாசம் காட்டும். கூடவே ஆழத்துக்கு ஒரு எல்லை போடுங்கள்.

அறிகுறி: ஒரே சாமான் இரண்டு பக்கங்களில், வேறொன்று எங்குமே இல்லை

மெதுவாக இருப்பதைவிட இது மோசம். மெதுவு கண்ணுக்குத் தெரியும். விடுபட்ட சாமான் யாருக்கும் தெரியாது.

முதற் சந்தேகம், ‘ஓர்டர் பை’ இருக்கிறதா? அது இல்லாத குவெரிக்கு எந்த வரிசையையும் தரவுத்தளம் உறுதியளிப்பதில்லை. நேற்றுவரை எண் வரிசையில் வந்தது தற்செயல். போஸ்ட்கிரெஸ் ஒரு பெரிய அட்டவணையை முழுதாக வாசிக்கும்போது, வேறொரு குவெரி ஏற்கெனவே அதை வாசித்துக்கொண்டிருந்தால் அதனுடன் நடுவில் போய்ச் சேர்ந்துகொள்ளும். அப்போது உங்கள் முதற் பக்கமே அட்டவணையின் நடுவிலிருந்து தொடங்கலாம்.

‘ஓர்டர் பை விலை’ என்று மட்டும் இருந்தாலும் போதாது. ஒரே விலையுள்ள நாற்பது சாமான்களுக்குள் எது முந்தி என்று நீங்கள் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக அடுக்க அதற்கு உரிமை உண்டு, லிமிட் மாறினாலே அடுக்கு மாறலாம். கடைசியில் எண்ணைச் சேருங்கள். ஓஃப்செட்டையே தொடர்ந்து பாவிப்பவர்களும் இந்த ஒரு திருத்தத்தை இன்றே செய்யலாம்.

அதைச் செய்த பிறகும் வந்தால், ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் நகர்கிறது. புதிய சாமான் முதலில் வரும் பட்டியலில் ஒருவர் முதற் பக்கத்தில் இருக்கும்போது கடையில் மூன்று சாமான்கள் புதிதாக ஏற்றினால், ஏற்கெனவே பார்த்த மூன்று அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு மறுபடி வரும். மூன்று விற்று நீக்கப்பட்டால், இரண்டாம் பக்கத்தின் முதல் மூன்று முதற் பக்கத்துக்கு ஏறிவிடும், அவர் அவற்றைப் பார்க்கவே மாட்டார். ஓஃப்செட் எண்ணிக்கையை நம்புகிறது, எண்ணிக்கையோ மாறிக்கொண்டே இருக்கிறது. கீசெட் முறைக்கு இந்த நோய் இல்லை.

ஆனால் வரிசைப்படுத்தும் மதிப்பே மாறினால் கீசெட்டும் தடுமாறும். 2022 இல் ரூபாய் சரிந்தபோது கடைகளில் விலைகளை மொத்தமாக மாற்ற வேண்டி வந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். விலை வரிசையில் பாதி பார்த்தவருக்கு, விலை ஏறிய சாமான் பின்னால் மறுபடி வரும். அப்படி மொத்தமாக விலை ஏற்றும் வேலையைத் தளத்தில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் செய்யுங்கள். பட்டியலை எந்தத் தேவைக்காவது முழுதாக இறக்கி எடுப்பதாயிருந்தால் மாறாத எண் வரிசையிலேயே எடுங்கள்.

அறிகுறி: கீசெட்டுக்கு மாற்றினேன், இப்போது ‘அடுத்த பக்கம்’ அதே பக்கத்தைக் காட்டுகிறது, அல்லது சில பதிவுகள் விழுங்கப்படுகின்றன

இந்தத் தலைப்பில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன், ஆகவே விரிவாகச் சொல்கிறேன். முறை சரி, கடதாசித் துண்டில் எழுதியிருப்பதுதான் பிழை.

நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் முதலில் நேரவலயத்தைப் பாருங்கள். தரவுத்தளம் உலகப் பொது நேரத்தில் வைத்திருக்கிறது. நிரல் அதை இலங்கை நேரத்துக்கு மாற்றி, 5 மணி 30 நிமிடம் கூட்டி, வலயக் குறிப்பு இல்லாமல் ‘அடுத்த பக்கம்’ இணைப்பில் எழுதுகிறது. அடுத்த கோரிக்கையில் அந்த நேரம் பொது நேரமாகவே வாசிக்கப்படுகிறது. புதியது முதலில் என்ற வரிசையில் ‘இதற்கு முந்தியவை’ என்று கேட்கும்போது, எல்லை ஐந்தரை மணி நேரம் முன்னுக்குத் தள்ளிப் போயிருக்கும். அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள் ஏற்றியவை அத்தனையும் அந்த எல்லைக்குள் அடங்கும், அதே முதற் பக்கம் மறுபடி வரும். சேமித்த மதிப்பை மாற்றாமல் அப்படியே இணைப்பில் வையுங்கள். இலங்கை நேரத்துக்கு மாற்றுவது திரையில் காட்டும்போது மட்டும்.

அடுத்தது நுண்மை. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோ செக்கன் வரை வைத்திருக்கும். ஜாவாஸ்கிரிப்டின் திகதி மில்லி செக்கனோடு நின்றுவிடும். மிச்ச மூன்று இலக்கங்கள் வழியில் உதிர்ந்து போகின்றன. ஏறுவரிசையில் கடைசிப் பதிவு அடுத்த பக்கத்தில் மறுபடி தலைகாட்டும். இறங்குவரிசையில் அதே மில்லி செக்கனில் ஏற்றப்பட்ட மற்றப் பதிவுகள் விழுங்கப்படும். எக்செல் கோப்பிலிருந்து நூறு சாமான்களை ஒரே மூச்சில் ஏற்றும் கடைகளில் இது நிச்சயம் நடக்கும். நேரத்தை எழுத்துத் தொடராகவே எடுத்து எழுத்துத் தொடராகவே திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது. விலையைத் தசம வகையில் வைக்காமல் மிதவைப் புள்ளி எண்ணாக வைத்திருந்தாலும் இதே வகைத் தொல்லை வரும். காசைத் தசமத்தில்தான் வைக்க வேண்டும், பக்கம் பிரித்தாலும் பிரிக்காவிட்டாலும்.

வெற்று மதிப்புகள் மூன்றாவது. ‘விலை கேட்டறியவும்’ என்று போட்ட சாமான்களுக்கு விலைப் புலம் வெறுமையாக இருக்கும். வெறுமையை எதனோடு ஒப்பிட்டாலும் விடை ‘ஆம்’ என்று வராது, ஆகவே அந்தச் சாமான்கள் எந்த ‘அடுத்த பக்க’த்திலும் வருவதில்லை. ஏறுவரிசையில் போஸ்ட்கிரெஸ் வெற்றுப் பதிவுகளைக் கடைசியில் வைக்கும், மைஎஸ்கியூஎல் முதலில் வைக்கும் என்பதால் ஒன்றில் பரிசோதித்துவிட்டு மற்றதற்கு மாற்றினால் குழப்பம் இரட்டிப்பாகும். வரிசைப்படுத்தும் புலத்தை வெறுமையாக விட முடியாதபடி செய்வதே நேரான வழி. விலை இல்லாதவற்றைத் தனிப் பட்டியலாகக் காட்டினால் வாங்குபவருக்கும் தெளிவு.

பெயர் வாரியாக வரிசைப்படுத்தினால் தமிழ் எழுத்தின் சிக்கல் வரும். யூனிகோட் குறியெண் வரிசையில் ன என்பது ந வுக்கு அடுத்து, ப வுக்கு முன்னால் இருக்கிறது. ற என்பது ர வுக்கு அடுத்து. ஜ என்பது ச வுக்கும் ஞ வுக்கும் நடுவில். நாம் பள்ளியில் படித்த வரிசையோ ய ர ல வ ழ ள ற ன. இதைச் சரிசெய்ய நினைத்து, தரவுத்தளம் தந்த 20 பதிவுகளை நிரலுக்குள் தமிழ் ஒழுங்கில் மறுபடி அடுக்குகிறார்கள். அங்கேதான் கோளாறு பிறக்கிறது. திரையில் கடைசியாக நிற்கும் பதிவு தரவுத்தளத்தின் கணக்கில் கடைசிப் பதிவு அல்ல, அதைக் கடதாசித் துண்டாக வைத்தால் இடைப்பட்டவை போய்விடும். வரிசைப்படுத்துவதும் ஒப்பிடுவதும் ஒரே இடத்தில், ஒரே ஒழுங்கு விதியில் நடக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் ஐசியு என்ற எழுத்து ஒழுங்கு நூலகம் வழியாகத் தமிழ் ஒழுங்கைக் கேட்கலாம், இன்டெக்ஸையும் அதே ஒழுங்கில் கட்டுங்கள். இயங்குதளத்தைப் புதுப்பித்த பிறகு இந்த இன்டெக்ஸ்களை மறுபடி கட்டுவதும் நல்லது, எழுத்து ஒழுங்கு விதிகள் இயங்குதளத்தோடு சேர்ந்து மாறக்கூடும்.

இன்னொரு தமிழ் விஷயம்: ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாகவும் பதியப்படலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் பதியப்படலாம். பார்வைக்கு வேறுபாடே தெரியாது. தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. பதிவை ஏற்றும்போதும் தேடலை வாங்கும்போதும் ஒரே யூனிகோட் வடிவத்துக்கு, அதாவது சேர்ந்த வடிவத்துக்கு, மாற்றிவிடுங்கள். ஔகாரக் குறிக்குப் பதிலாகக் கொம்போடு ள எழுத்தைத் தட்டியிருந்தால் அந்த மாற்றமும் காப்பாற்றாது, அதைத் தனியாகத்தான் திருத்த வேண்டும்.

கடைசியாக, இணைப்பில் உள்ள கடதாசித் துண்டு எந்த வரிசைக்கு உரியது என்பதையும் அதிலேயே எழுதுங்கள். ஆள் விலை வரிசையிலிருந்து பெயர் வரிசைக்கு மாறினால் பழைய துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மதிப்புகள் வெளியிலிருந்து வருபவை, குவெரியில் ஒட்டி எழுதாமல் பராமீட்டராகவே அனுப்புங்கள்.

அறிகுறி: 20 சாமான்கள் உடனே கிடைக்கின்றன, ஆனாலும் பக்கம் தாமதம்

பதிவேட்டில் இரண்டாவது குவெரி ஒன்று இருக்கும்: மொத்தம் எத்தனை முடிவுகள் என்று எண்ணும் ‘கவுண்ட்’. பட்டியல் 20 உடன் நிற்கிறது. எண்ணிக்கை பொருந்தும் எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐஎஸ்ஏஎம் வகை அட்டவணைகள் தம் மொத்த எண்ணிக்கையைக் கையிலேயே வைத்திருந்தன. அதன் இன்றைய வகையான இன்னோடிபியும், போஸ்ட்கிரெஸும் வைப்பதில்லை. ஒரே நேரத்தில் வெவ்வேறு பரிவர்த்தனைகளுக்கு வெவ்வேறு எண்ணிக்கை தெரியலாம் என்பதால், எல்லோருக்கும் பொதுவான ஒரு எண் அங்கே இல்லை, ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் ஆக வேண்டும். மைஎஸ்கியூஎல்லில் ‘எஸ்கியூஎல் கல்க் ஃபவுண்ட் ரோஸ்’ என்று பழைய பாடங்களில் வரும் வழியை எடுக்காதீர்கள், அது 8.0.17 முதல் கைவிடப்படும் பட்டியலில் இருக்கிறது.

‘அடுத்த பக்கம் உண்டா’ என்பது மட்டும் தெரிந்தால் போதுமென்றால் 20 க்குப் பதில் 21 கேளுங்கள். 21 வந்தால் உண்டு, அந்த ஒன்றைக் காட்டாமல் விட்டுவிடுங்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் எல்லை வைத்து எண்ணுங்கள்: உள்குவெரியில் லிமிட் 1001 போட்டு அதை எண்ணினால், 1001 வந்த இடத்தில் ‘1000 க்கும் மேல்’ என்று காட்டலாம். ‘ஆல்டோ பிரேக் பேட், 38,412 முடிவுகள்’ என்பதால் வாங்குபவருக்கு எந்த உதவியும் இல்லை.

அறிகுறி: முதற் பக்கமே மெதுவு

இது பக்கம் பிரிப்பதில் உள்ள கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். பதிவேட்டில் ஒரு பக்கத்துக்கு எத்தனை குவெரிகள் ஓடுகின்றன என்று எண்ணுங்கள். பட்டியலுக்கு ஒன்று, பிறகு ஒவ்வொரு சாமானின் படத்துக்கும் ஒவ்வொன்று என்று 21 ஓடினால், அதுதான். சேர்வர் கொழும்பிலும் தரவுத்தளம் சிங்கப்பூரிலும் இருந்து, ஒரு முறை போய்வர 40 மில்லி செக்கன் ஆகிறது என்று கொண்டால், படங்களுக்கு மட்டும் 800 மில்லி செக்கன் போய்விடும். 20 எண்களையும் ஒரே குவெரியில் கொடுத்துப் படங்களை ஒன்றாக எடுங்கள்.

ஒரே குவெரிதான், அதுவே மெதுவு என்றால் எக்ஸ்பிளெயின் விடையைப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் ‘ஃபைல்சோர்ட்’ என்று தெரிந்தால் பொருந்தும் எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுத்தான் 20 ஐத் தருகிறது, மேலே சொன்ன இன்டெக்ஸ் ஒழுங்கு உதவும். சொல்லின் இரு பக்கமும் சதவீதக் குறி போட்ட ‘லைக்’ தேடல் என்றால் சாதாரண இன்டெக்ஸ் உதவாது. போஸ்ட்கிரெஸில் மூவெழுத்து இன்டெக்ஸ் தரும் டிரைகிராம் நீட்சி, மைஎஸ்கியூஎல்லில் என்கிராம் முழுஉரைத் தேடல் ஆகியவற்றைப் பாருங்கள்.

அரிதான சாமானைத் தேடும்போது மட்டும் முதற் பக்கம் மெதுவாகிறதா? இது கொஞ்சம் வஞ்சகமானது. ‘லிமிட் 20’ என்று கண்டதும் தரவுத்தளம், எண் வரிசை இன்டெக்ஸில் நடந்துகொண்டே பொருந்துவதைப் பொறுக்கினால் 20 சீக்கிரம் கிடைத்துவிடும் என்று கணிக்கிறது. பொருந்துவது மொத்தமே மூன்று என்றால், 20 நிறையாமல் அட்டவணை முழுவதையும் நடந்து முடிக்கிறது. வடிகட்டும் புலமும் வரிசைப் புலமும் சேர்ந்த இன்டெக்ஸ் இருந்தால் அந்தக் கணிப்புக்கே இடமில்லை. அட்டவணைக்கு ‘அனலைஸ்’ ஓட்டிப் புள்ளிவிவரங்களையும் புதுப்பியுங்கள்.

அறிகுறி: பக்கத்துக்கு 20 என்று போட்டும் 7 தான் வருகிறது

சாமானையும் அதன் படங்களையும் ஜொயின் செய்துவிட்டு, அதாவது இரண்டு அட்டவணைகளையும் இணைத்துவிட்டு, லிமிட் போட்டிருப்பீர்கள். ஒரு சாமானுக்கு மூன்று படங்கள் என்றால் அது மூன்று வரிகள், 20 வரிகளில் ஏழு சாமான்கள்தான் அடங்கும். உள்குவெரியில் 20 சாமான்களை முதலில் எடுத்துவிட்டுப் பிறகு ஜொயின் செய்யுங்கள். அல்லது, 20 ஐ எடுத்த பின் விற்றுமுடிந்தவற்றை நிரலுக்குள் மறைக்கிறீர்கள். அந்த வடிகட்டலைக் குவெரிக்குள் கொண்டுபோங்கள்.

அறிகுறி: இரவில், யாரும் இல்லாத நேரத்தில் சேர்வர் திணறுகிறது

சேர்வரின் அணுகல் பதிவைப் பாருங்கள். தேடுபொறிகளின் தவழிகள், அதாவது தளங்களைத் தானாக வாசித்துச் செல்லும் நிரல்கள், ‘பக்கம் 1’ முதல் ‘பக்கம் 15000’ வரை ஒவ்வொரு வடிகட்டிச் சேர்க்கைக்கும் நடந்துகொண்டிருக்கும். மனிதர் எவரும் போகாத ஆழத்துக்கு அவை போகும், ஓஃப்செட்டின் முழு வலியும் அப்போதுதான் தெரியும். ஆழ எல்லை வையுங்கள், வடிகட்டிச் சேர்க்கைகளைத் தவழிகளுக்கு மூடுங்கள், சாமான்களின் முகவரிகளைத் தளவரைபடக் கோப்பில் கொடுங்கள். முந்திய பக்கம், அடுத்த பக்கம் என்று குறிக்கும் பழைய ‘ரெல்’ குறிச்சொற்களைத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019 இலேயே சொல்லிவிட்டது.

எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருளை வைத்திருப்பவர்களுக்கு ஆழத்தில் போனால் தாமதத்துக்குப் பதில் பிழைச்செய்தியே வரும். அது இயல்பாக 10,000 முடிவுகளுக்கு மேல் தாண்டவிடாது. அந்த எண்ணை உயர்த்த வேண்டாம், நினைவகத்தைத் தின்னும். ‘சேர்ச் ஆஃப்டர்’ என்ற வழியை எடுங்கள். அதுவும் இதே கடதாசித் துண்டுதான்.

சரியாகிவிட்டதா என்று பார்ப்பது

நாலு பக்கம் கையால் புரட்டிப் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். ஒரு சிறு நிரல் எழுதுங்கள். முதற் பக்கத்திலிருந்து ‘அடுத்து’ இணைப்பைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்து, எல்லா எண்களையும் சேர்த்து, தரவுத்தளத்தில் நேரடியாக எடுத்த எண்களோடு ஒப்பிட வேண்டும். இரண்டு முறை வந்தது ஒன்றும் இருக்கக் கூடாது, விடுபட்டதும் இருக்கக் கூடாது. பிறகு கடைசியிலிருந்து ‘முந்திய’ இணைப்பில் திரும்பி நடக்கட்டும். அப்புறம், அது நடந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு பக்கம் புதுச் சாமான்களை ஏற்றியும் பழையவற்றை நீக்கியும் மறுபடி ஓட்டுங்கள். ஒரே விலையில் நூறு சாமான்கள், ஒரே நொடியில் ஏற்றிய நூறு சாமான்கள், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் கலந்த பெயர்கள் எல்லாம் அந்தப் பரிசோதனைத் தரவில் இருக்க வேண்டும்.

நானாவின் தளத்தில் புதிய விலைப்பட்டியல் ஏற்றப்படும் ஒவ்வொரு முறையும் அந்த நிரல் தானாக ஓடுகிறது. ஒரு எண் விடுபட்டாலும் என் ஃபோனுக்குச் செய்தி வரும்.